இரண்டாவது ஜாமீன்தாரர்

"ஏனுங்க அம்மணி, சகாயம் கேஸு நீங்கதான் பாக்கறதுங்களா?"

வக்கீல் நிலோஃபர் காதிலிருந்து போனை எடுக்காமலே தலையாட்டி, நாற்காலியைக் காட்டினாள். போனில் இருந்தவர் கோவை கணபதி ஏரியாவில் சகாயத்தின் பக்கத்து வீட்டுக்காரர். ஜாமீன் கையெழுத்துப் போட வருகிறேன் என்று சத்தியம் செய்தவர், கஞ்சா என்ற சொல் காதில் விழுந்ததும் ஜகா வாங்கிக்கொண்டிருந்தார்.

மணி மூன்றரை. ஜாமீன் என்னவோ நேற்றே கிடைத்துவிட்டது. தலா பத்தாயிரத்துக்கு இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். ஒருவர் சகாயத்தின் அம்மா. இன்னொரு ஆள் ஐந்து மணிக்குள் வராவிட்டால், பையனுக்குக் கிறிஸ்துமஸ் ஜெயிலில்தான். நாளை முதல் மூன்று நாள் கோர்ட்டு லீவு.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். கக்கத்தில் ஒரு ஃபைல். சொந்தக்காரர் போலிருக்கிறது என்று நிலோஃபருக்கு உயிர் வந்தது. டீ சொன்னாள்.

"எவ்வளவு வெச்சிருந்தானுங்க?"

"நாப்பது கிராம்."

"அது ஜாஸ்திங்களா, கம்மிங்களா?"

"ஒரு கிலோ வரைக்கும் சட்டத்துல சின்ன அளவுதாங்க. மிஞ்சிப்போனா ஒரு வருஷம், இல்லேன்னா அபராதம். இருபது கிலோன்னாத்தான் பெரிய கேஸு, ஜாமீனும் லேசுல கெடைக்காது."

"அப்ப இவன் விக்கறவன் இல்லீங்க?"

"விக்கறதா! அதை எப்படிச் சுருட்டறதுன்னே தெரியாதுங்க. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல மஃப்டியில நின்ன போலீஸ்காரர்கிட்டயே போய்த் தீப்பெட்டி கேட்டிருக்கான்."

வந்தவர் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"முன்னாடி வேற கேஸு ஏதாச்சும்?"

"ஹெல்மெட் ஃபைன்கூட இல்லீங்க."

"வேலை போயிருமுங்களா?"

"லேத் பட்டறை ஓனர், வெளிய வந்ததும் அனுப்பி வைங்கன்னுட்டார். சொக்கத் தங்கமுங்க பையன்."

"அப்புறம் எதுக்குங்க இந்தக் கருமம்?"

நிலோஃபருக்குச் சூடேறியது. "எல்லாம் ஒரு பொண்ணோட அப்பனால வந்ததுங்க. ரெண்டு பேரும் மூணு வருஷமா விரும்பறாங்க. போய்ப் பொண்ணு கேட்டிருக்கான். ரெண்டு பேரும் கிறிஸ்தவங்கதான், ஆனா நாங்க சி.எஸ்.ஐ. சபை, நீ ஆர்.சி., ஒத்துவராதுன்னு அந்த ஆளு வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிப்போட்டாராம். மனசு ஒடைஞ்சு, மறக்கறதுக்குன்னு வாங்கியிருக்கான். அந்த மனுஷன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்!"

"கேக்க வேண்டியதுதானுங்க." அவர் டீயை உறிஞ்சினார். "ஜாமீனே கெடைக்காமப் போயிருந்தா?"

"அறுபது நாளைக்குள்ள போலீஸ் குற்றப்பத்திரிகை போடலைன்னா, கோர்ட்டு ஜாமீன் குடுத்தே ஆகணும். ஆனா அதுக்கும் ஜாமீன் கையெழுத்து வேணுமுங்க."

"அறுபது நாளெல்லாம் ஆவாதுங்க. ஊட்டுல ஒரு உசுரு நாலு நாளாச் சோறே திங்கறதில்லைங்க."

பாவம், சகாயத்தின் அம்மா என்று நிலோஃபர் நினைத்துக்கொண்டாள்.

"வெளிய வந்தா என்ன பண்ணோணுமுங்க?"

"முப்பது நாளைக்கு, தினமும் காலையில பத்தரைக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும்."

அவர் விரல்விட்டு எண்ணினார். "ஜனவரியோட முடிஞ்சுருமுங்களா?"

"முடிஞ்சுரும். ஏனுங்க?"

"சும்மா கேட்டேனுங்க." ஃபைலைத் திறந்தார். வீட்டு வரி ரசீது, ஆதார் நகல், போட்டோ, எல்லாம் கச்சிதமாக இருந்தன. மணி நாலு. நிலோஃபருக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அவசர அவசரமாகப் படிவத்தை நிரப்பினாள். பெயர் சாமுவேல், ஊர் மேட்டுப்பாளையம்.

"பையனுக்கு நீங்க என்ன உறவுங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாமனார்னு எழுதுங்க அம்மணி."

பேனா நின்றது. "அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்களே?"

"பிப்ரவரியில, தவக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடியே ஆயிருமுங்க. மொதல்ல கையெழுத்தை வாங்கிப்போடுங்க, அந்த நாலு கேள்வியை அப்புறம் நிதானமாக் கேட்டுக்கலாம்."