மூன்று பஞ்சுகள்

"பதினோரு வருசம்னா சும்மாங்களா?"

அவர் விண்ணப்பத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அவள் எழுதாமல் விட்டது தாளின் மறுபக்கத்தில் தெரிந்துவிடும் என்பதைப்போல.

பிறகு தாளைக் கீழே வைத்து, ஒரு கட்டத்தில் விரலை ஊன்றினார்.

"இந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுட்டீங்களே. வேலையில இடைவெளி இருந்தா காரணம் எழுதச் சொல்லி இருக்குது பாருங்க. குடும்பம்னு ஒரு வார்த்தை போட்டர்லாமில்லீங்க?"

"வேண்டாங்க சார். அப்படியே இருக்கட்டும்."

மேசைமேல் இருந்த பலகையில் சென்னியப்பன் என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் மேலாளர் என்றும் இருந்தது. பொள்ளாச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையம். ரத்தம் எடுக்க ஆள் தேவை என்று வாசல் கண்ணாடியில் தாள் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

அந்தக் கட்டம் ஒரு விரல் அகலம் இருக்கும்.

இரண்டு பிரசவங்களும், எட்டு வருடம் படுக்கையில் கிடந்த மாமியாரும் அதற்குள் அடங்கமாட்டார்கள். அடக்கிக் காட்ட அவளுக்கு விருப்பமும் இல்லை.

அவள் மன்னிப்புக் கேட்க வந்தவள் அல்ல.

"கை மறந்துருக்குமுங்க." அவர் குரலில் கெடுதல் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. "சிரிஞ்சு, டியூப்பு எல்லாமே மாறிப்போச்சு. முன்னாடி டோக்கன் குடுக்கற சீட்டு ஒண்ணு காலியா இருக்குது. உட்கார்ந்த வேலை. தலைக்கு மேல ஃபேன். என்னங்க சொல்றீங்க?"

கை மறந்திருக்கும்.

அவள் மடிமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

பதினோரு வருடமாக அவள் யாருக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கவில்லை. ஆனால் நகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகளை எல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பால்காரரின் கையில் நரம்பு பச்சைக் கொடி. கறிக்கடைக்காரருக்குக் கயிறு. தையல்கார அக்காவுக்கு மேலே எதுவும் தெரியாது, தொட்டால்தான் கிடைக்கும். கோயிலில் கற்பூரத் தட்டு நீளும்போது மற்றவர்கள் சுடரைப் பார்த்தார்கள். அவள் பூசாரியின் முழங்கையைப் பார்த்தாள். சுடர் அசைய அசைய, மழைக்கு முன் மண்ணுக்குள் ஏதோ நகர்வதைப்போல, அங்கே ஒரு கோடு நகர்ந்தது.

மாமியாரின் கடைசி நாளில், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க நாலு முறை குத்தினார்கள். "நான் எடுக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

கூட வந்தவர்கள் திரைக்கு வெளியே நிற்க வேண்டும் என்றார்கள்.

நின்றாள்.

கதவு தட்டாமல் திறந்தது. நீலச் சட்டை போட்ட ஒருவர், கையில் எவர்சில்வர் தட்டு. இங்கே இப்போது ரத்தம் எடுப்பவர் அவர்தான்.

"சார், இடது கையில இன்னொருக்கா பாத்தர்லாங்களா?"

"போதும் பூபதி. காத்தால இருந்து மூணு ஓட்டை. நானென்ன இட்லித் தட்டா?"

"உங்களுக்கு நரம்பே இல்லீங்க சார்."

"அப்ப இத்தன நாளா எதுல சாமி ரத்தம் ஓடிட்டிருக்குது?"

பூபதி சிரித்தார். வெளியே யாரோ இருபத்தேழாம் டோக்கன் என்று கத்தினார்கள். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினார்.

அப்போதுதான் அவள் சென்னியப்பனை முழுவதுமாகப் பார்த்தாள்.

இடது முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சு, மேலே பிளாஸ்திரி. அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொன்று. மூன்றாவது வலது புறங்கையில். அதைச் சுற்றித் தோல் கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கியிருந்தது.

மேசை ஓரத்தில் ஒரு டம்ளர் காபி. ஆறி, ஆடை கட்டியிருந்தது. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய அவருடைய ரத்தம் இன்னும் எடுத்தபாடில்லை.

மணி பதினொன்று.

நரம்பு இல்லாத மனிதர் யாரும் இல்லை. தேடத் தெரியாத விரல் இருக்கிறது.

அவர் பேனாவை எடுத்து, வெறுமனே கிடந்த அந்தக் கட்டத்துக்குள் தானே எதையோ எழுதப் போனார். வலது கை தாளின்மேல் திரும்பியது. முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கட்டைவிரல் பக்கமாக, கொழுத்த சதைக்கு அடியில் ஒரு நிழல் எழும்பி அடங்கியது.

மூன்று பஞ்சுகளில் ஒன்றுகூட அந்த இடத்துக்குப் போகவில்லை.

அவள் தாளை அவர் பேனாவுக்குக் கீழிருந்து மெல்ல உருவினாள். மடித்து ஓரமாக வைத்தாள்.

"டோக்கன் குடுக்கற வேலை வேண்டாங்க சார்."

"ஏனுங்க, நான் உங்க நல்லதுக்குத்தான..."

அவள் நாற்காலியை இழுத்து மேசையைச் சுற்றிக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டாள். தட்டில் புது ஊசி இருந்தது, மூடி பிரிக்காமல். மஞ்சள் ரப்பர் பட்டை. ஸ்பிரிட் வாசனை.

அந்த வாசனை அவளை அடையாளம் கண்டுகொண்டது.

தட்டிலிருந்த கையுறையை மாட்டினாள். மணிக்கட்டில் அது சப்பென்று அறைந்து உட்கார்ந்தது. அவள் விரல்கள் நடுங்குகின்றனவா என்று அவர் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

பிறகு அவர் ஆறிப்போன காபியைப் பார்த்தார். பூபதி போன கதவைப் பார்த்தார்.

"சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேல ஏத்திட்டு, வலது கையை இப்படி நீட்டுங்க சார்."