பின்னால் வந்த ஆள்

"ஆரும் கூட வரல்லையா மிஸ்?"

கடைக்காரப் பொடியன் நிதுர்ஷன் வாசலை எட்டிப் பார்த்தபடி கேட்டான்.

"இல்ல" என்றாள் பீற்றிஸ்.

முதல்முதல் மோட்டார் சைக்கிள் எடுக்க வருகிறவர்கள் அப்பாவோடு வருவார்கள், புருசனோடு வருவார்கள். பீற்றிஸுக்கு அப்படி ஒருவரும் இல்லை. அம்மா போன பிறகு தன்னாமுனை வீட்டில் அவள் மட்டும்தான். எதை எடுக்கலாம் என்று லண்டனில் இருக்கிற தம்பியிடம் கேட்டிருந்தாள். 'உங்களுக்கு விருப்பமானத எடுங்க அக்கா' என்று பதில் வந்தது. அதோடு சரி.

"பொம்பிளையள் எல்லாரும் இதுதான் எடுக்கிற" என்று ஒரு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான் நிதுர்ஷன். "பாரமில்ல. கியரில்ல. டவுனுக்குள்ள ஓட நல்ல சாமான்."

"நான் டவுனுக்குள்ள ஓடப்போறல்ல தம்பி. ஒவ்வொரு நாளும் வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகணும்."

"அந்த றோட்டாலயா?" அவன் முகம் மாறியது. "கொழும்பு பஸ்ஸெல்லாம் பறக்கும் மிஸ். பக்கத்தால ஒண்டு உரசிப் போனா இந்தச் சின்னச் சில்லு ஆட்டம் குடுத்திடும்."

"அப்ப ஆடாத ஒண்டக் காட்டுங்க."

கியர் உள்ள ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிளைக் காட்டினான். பெரிய சக்கரம். முன்னுக்கு டிஸ்க் பிறேக். ஏறி இருந்து பார்த்தாள். இரண்டு காலும் நிலத்தில் பட்டன.

"ஆனா பாரம் மிஸ். விழுந்தா தனியத் தூக்கேலாது."

"தூக்குவன்" என்றாள். வேறு யார் வந்து தூக்க?

ஊர் மைதானத்தில் ஓடிப் பழகி, லைசன்ஸும் எடுத்து றோட்டில் இறங்கினாள். றோட்டுக் கரையோடு, ஒரே வேகத்தில் போவாள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பாள். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் ஒதுங்கி வழி விடுவாள்.

பின்னேரம் வந்ததும் சைக்கிளை வீட்டு ஹோலுக்குள் ஏற்றி வைப்பாள். இஞ்சின் ஆறும்வரை டிக் டிக் என்று சத்தம் போடும். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதுபோல இருக்கும்.

பிறகுதான் றோட்டில் பின்னால் வரும் ஒரு ஆளைக் கண்ணாடியில் கவனித்தாள்.

ஏறாவூர்ச் சந்தி தாண்டியதும் ஒரு பழைய சிவப்பு மோட்டார் சைக்கிள் பின்னால் ஒட்டிக்கொள்ளும். முகம் மூடிய ஹெல்மெட். அவள் வேகத்தைக் குறைத்தால் அவனும் குறைப்பான். அவள் பெற்றோல் அடிக்க நின்றால் அவனும் தள்ளி நிற்பான். முந்திப் போகவே மாட்டான்.

ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் சர்மிலாவிடம் சொன்னாள்.

"தனிய இருக்கிற பொம்பிளை எண்டு தெரிஞ்சுதான் வாறான்" என்றாள் சர்மிலா. "இவனுகளுக்கு வேற என்ன வேலை? பொலிஸில சொல்லு. இல்லாட்டி ஒரு நாளைக்கு நல்ல வேகமா ஓடிக் காட்டு, விட்டிட்டுப் போயிடுவான்."

அன்றிரவு பீற்றிஸ் கதவுக் கொண்டியை இரண்டு தரம் சரிபார்த்தாள்.

மறுநாள் சந்திவெளி தாண்டும்போது கண்ணாடியில் அதே ஹெல்மெட். அக்சிலேட்டரை முறுக்கினாள். முன்னால் போன மணல் லொறியை முந்த சைக்கிளை நடு றோட்டுக்கு எடுத்தாள்.

எதிரே பஸ். லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தபடி நேரே வந்துகொண்டிருந்தது.

எப்படிப் பிறேக் பிடித்தாளோ, லொறிக்குப் பின்னால் எப்படி ஒதுங்கினாளோ தெரியாது. சில்லு கரையோரக் கிறவல் மண்ணில் இழுபட்டு, சைக்கிள் சரியப் பார்க்க, கால் ஊன்றி நிறுத்தினாள். பஸ் கத்திக்கொண்டு போனது.

சிவப்புச் சைக்கிள் மெல்ல வந்து பக்கத்தில் நின்றது.

பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. "ஆருடா நீ? என்னத்துக்கு ஒவ்வொரு நாளும் என்ட பின்னால வாறாய்?"

அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றினார். நரைத்த தாடி.

"கோவிக்காதிங்க புள்ள. பக்கீர் எண்டு என்ட பேர். ஓட்டமாவடியில புடவைக் கடையில வேலைக்கு நிக்கிறன்."

"அதுக்கு?"

"மகன்தான் என்ன ஏத்திக்கொண்டு போறவன். அவன் கட்டாருக்குப் போயிட்டான். இந்த வயசிலதான் இதப் பழகின. எனக்கு இந்த றோட்டப் பயம் புள்ள." அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு நாள் நீங்க போறதக் கண்டன். பதறாமப் போறீங்க. எங்க மெதுவாகணும், எங்க ஒதுங்கணும் எண்டு உங்களப் பார்த்துத்தான் நான் ஓடுற. முன்னுக்கு ஒரு துணை இருந்தா மனசுக்குத் தெம்புதானே."

பீற்றிஸ் இஞ்சினை நிறுத்தினாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"முன்பின் தெரியாத பொம்புளப் புள்ளைக்கிட்டப் போய் எப்பிடிச் சொல்ற?" அவர் தயங்கினார். "போன கிழமை ரெண்டு மூணு நாள் உங்களக் காணல்லையே?"

"காய்ச்சல்."

அந்தக் காய்ச்சலில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். போன் ஒருதரமும் அடிக்கவில்லை.

"எனக்கு என்ன தெரியும் புள்ள? உங்கட பேரும் தெரியா, ஊரும் தெரியா. சந்தியில நிண்டு நிண்டு பார்த்துப்போட்டு, வேலைக்கும் போகாமத் திரும்பிட்டன். பள்ளிவாசலுக்குப் போய் ஒரு துஆ மட்டும் கேட்டன், முன்னால போற அந்தப் புள்ளைக்கு ஒண்டும் ஆகியிருக்கக் கூடா எண்டு."