ஒன்றரைச் சுற்று

"டியூன் நிக்க மாட்டேங்குது. அதை மட்டும் பாரு. பின்னாடி திருகாணியையெல்லாம் நோண்டாத."

கணவன் கிட்டாரைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளுக்கு உறுத்தியது. இசைக்கருவிக் கடையில் பதினோரு வருடமாக ரிப்பேர் பார்க்கிறவள் அவள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

மலிவான எலக்ட்ரிக் கிட்டார். கல்யாணத்துக்கு முன்பே அவனிடம் இருந்தது. "இவ உனக்கு மூத்தவ, அனுசரிச்சுப் போ" என்று முதல் வாரமே கேலி செய்தான்.

டியூன் நிற்காததன் காரணம் பிடிபட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் பிளாஸ்டிக் பள்ளங்கள் இறுக்கிப் பிடித்தன. பென்சில் முனையைச் சுரண்டி, அந்தப் பொடியைப் பள்ளங்களில் தேய்த்தாள். தந்திகள் வழுக்கிக்கொண்டு ஓடின.

அத்தோடு எழுந்திருக்கலாம். எழவில்லை.

தந்திகள் அவள் போட்டவை அல்ல. அவள் போடுவது தடித்த செட். இவை தலைமுடி மாதிரி மெலிந்திருந்தன. தொட்டாலே படிந்துவிடும் உயரத்துக்கு யாரோ இறக்கியும் வைத்திருந்தார்கள்.

டயர் கடையில் பகலெல்லாம் சக்கரம் கழற்றி மாட்டுகிறவன் அவன். தந்தியைப் பிடித்தான் என்றால் திருடனைப் பிடித்த மாதிரிதான். அப்படி அழுத்தினால் எந்தத் தந்தியும் சுருதி ஏறிக் கத்தும். அதனால் பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் குட்டி இரும்புத் துண்டுகளை, மற்றவர்களுக்கு வைப்பதைவிட திருகாணியை ஒன்றரைச் சுற்று திருப்பிப் பின்னுக்கு இழுத்து வைப்பாள். எந்த மிஷினும் சொல்லாத கணக்கு. அவன் கைக்கென்று அவள் மட்டும் வைத்திருந்தது.

இப்போது ஆறு துண்டுகளும் முன்னால் வந்திருந்தன.

சுருதி காட்டும் டியூனரை மாட்டி, முள் பச்சையில் நிற்கும்வரை தந்தியை முறுக்கினாள். கழுத்தின் குறுக்குக் கம்பிகளில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் மெல்ல அழுத்தி மீட்டினாள். முள் நடுவிலேயே நின்றது. பச்சை. பிறகு அவன் அழுத்துகிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். சுருதி ஏறி, முள் வலப்பக்கம் ஓடிச் சிவப்பில் முட்டியது.

ஒரு மென்மையான கைக்காக இந்தக் கிட்டாரைச் சரிசெய்திருக்கிறார்கள்.



மூன்று மாதமாக அவன் வீட்டில் வாசிப்பதில்லை. கேட்டால், இசைக்குழு ரிகர்சலிலேயே வாசித்து அலுத்துவிட்டது என்பான். குழுவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருப்பதாக அவனே ஒருநாள் சொன்னான். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவன் பேச்சை எடுக்காத நாட்களைத்தான் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரவல் கொடுத்திருந்தால் போகட்டும். ஒருத்தியின் கைக்கு ஏற்றபடி ஆறு திருகாணியையும் உட்கார்ந்து திருப்பியிருக்கிறான். பக்கத்தில் ஆள் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. அழுத்து, விடு, இப்போது அழுத்து என்று சொல்லிச் சொல்லி, விரலையே பார்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. அவளுக்குத் தெரியும். அவனுக்கு அவள் அப்படித்தான் செய்தாள்.

அவனுடைய சட்டைப்பையையோ செல்போனையோ அவள் ஒருநாளும் துழாவியதில்லை. அது அற்பத்தனம் என்று நினைப்பவள். இப்போது மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருகாணித் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் புதுக் கீறல்கள். ஸ்குரூடிரைவர் வழுக்கி வழுக்கி விழுந்த கீறல்கள். அவசரமாகச் செய்திருக்கிறான். அல்லது, சிரித்துப் பேசிக்கொண்டே.

அவன் துண்டோடு வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"தொடாதன்னு சொன்னேன்ல."

"தொடல. பாத்தேன். யார் கைக்கு வச்சிருக்கு இது?"

அவன் தலையைத் துவட்டினான். துவட்டிய தலையையே திரும்பவும் துவட்டினான்.

"மூணாவது தந்திய வாசிங்க. முள்ளு எங்க போகுதுன்னு நானும் பாக்குறேன்."

"பசிக்குதுடி."

"சாப்பாடு எங்கயும் ஓடிப்போகாது."

உட்கார்ந்தான். முள் சிவப்பில் முட்டியதும் கேட்க வேண்டிய கேள்வி அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அழக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள். அந்தப் பெண்ணின் பெயரைத் தன் வாயால் சொல்லக்கூடாது என்றும்.

அவன் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் விரல் வைத்து மீட்டினான்.

பச்சை.

ஏமாற்றுகிறான். வேண்டுமென்றே தடவுகிறான்.

"நடிக்காதீங்க. எப்பவும்போல அழுத்துங்க."

மறுபடி மீட்டினான். பச்சை.

அப்போதுதான் முள்ளை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்பு புடைத்து, நடுங்கிக்கொண்டிருந்தது. அடிச்சதை வற்றிக் குழி விழுந்திருந்த கட்டைவிரல், கிட்டாரின் கழுத்தைக் கெட்டியாகப் பற்றப் பார்த்தது. இப்போதுதான் குளித்துவிட்டு வந்த நெற்றி வியர்த்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்றாள். கெஞ்சுகிற அந்தக் குரல் யாருடையதோ போல இருந்தது.

"அழுத்திட்டுதான் இருக்கேன்" என்றான்.