தயாராக இருந்த உத்தரவு

சிமெண்ட் தொட்டியில் கிடந்த கெண்டை மீனின் மூளைக்கு அடியில் கடுகளவு சுரப்பி ஒன்று குடியிருந்தது. முட்டையிடச் சொல்லும் உத்தரவை எழுதி வைத்திருந்து, மூளை சரி என்றதும் சினைப்பைக்கு அனுப்புவதுதான் அதன் பிழைப்பு. உத்தரவு எப்போதோ தயார். மூளைதான் சரி சொல்லவில்லை.

"அண்ணே, பாரம் தாங்கல. இன்னும் நாலு நாள் போனா முட்டையெல்லாம் உள்ளேயே கரைஞ்சிடும்" என்று சினைப்பை கீழேயிருந்து முனகியது.

சுரப்பி அலுப்போடு மேலே பார்த்தது. "ஐயா, அனுப்பிடட்டுங்களா?"

"ஆத்துல புதுவெள்ளம் வந்துச்சா?" என்று கேட்டது மூளை.

"இது தொட்டிங்க ஐயா. வெள்ளம் எப்படி வரும்?"

"அப்போ பொறு. வெள்ளம் வந்தாத்தான் முட்டை."

நேற்றும் இதே பேச்சுதான். அதற்கு முந்தின நாளும் இதேதான்.

மறுநாள் பண்ணைக்காரர் மீனைத் தூக்கி ஓர் ஊசி போட்டார். சில மணி நேரத்தில் சினைப்பை முட்டைகளைக் கொட்டித் தீர்த்தது. "கடைசியில மனசு வெச்சியே அண்ணே!"

"நான் அனுப்பலையே தங்கச்சி" என்ற சுரப்பி, ரத்தத்தில் வந்திருந்த உத்தரவை எடுத்துப் பார்த்தது. அச்சு அசல் தன் கையெழுத்து மாதிரியே இருந்தது. ஆனால் எழுதியது செத்துப்போன வேறொரு கெண்டையின் சுரப்பி. அந்தக் கெண்டையின் தலையிலிருந்து சுரப்பியை எடுத்து அரைத்து ஊசியில் ஏற்றியிருந்தார்கள். பாவம், அதுவும் சாகும்வரை ஒரு 'சரி'க்காகக் காத்திருந்து, அனுப்பாமலே வைத்திருந்த உத்தரவு.

மேலே மூளை கேட்டது: "வெள்ளம் வந்துச்சா?"

"இன்னும் இல்லீங்க ஐயா" என்றது சுரப்பி, தன்னிடமிருந்த உத்தரவைப் பத்திரமாக மடித்து வைத்தபடி.