பச்சை மைச் சீட்டு

"அவன் வாழ்நாள்ல ஒரு தடவையாவது ஜெபம் பண்ணியிருப்பானா பாஸ்டர்? அவனுக்குப் போய் நம்ம ஆலயத்துல அடக்க ஆராதனையா?"

சபைச் செயலாளர் கேட்ட கேள்வி போதகரின் காதில் பாதிதான் விழுந்தது. அவர் கண் செயலாளரின் சட்டைப்பையில் இருந்த பச்சை மைப் பேனாவை விட்டு நகரவில்லை.

மூன்று மாதமாக அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது அந்தப் பச்சை மைதான்.

ஆலய வாசலில் ஒரு ஜெபப்பெட்டி உண்டு. யார் வேண்டுமானாலும் தங்கள் குறையை எழுதிப் போடலாம், பெயர்கூட வேண்டாம். ஞாயிறு காலை போதகர் அதைத் திறந்து, ஒவ்வொரு சீட்டாக மைக்கில் வாசித்து ஜெபிப்பார்.

அதில்தான் வாராவாரம் பச்சை மையில் ஒரு சீட்டு வந்துகொண்டிருந்தது. 'நம்ம போதகருக்காக ஜெபம் பண்ணுங்க. அவருக்கு விசுவாசம் போயிடுச்சு.'

முதல் சீட்டைப் பார்த்தபோது போதகருக்கு உயிரே போய்விட்டது. ஏனென்றால் அது உண்மை. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அவர் ஜெபம் உதட்டோடு சரி. வீட்டில் தனியாக முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தை வராது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார், பாவம்.

சபையில் பச்சை மையில் எழுதுகிறவர் இந்தச் செயலாளர் ஒருவர்தான். பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனுஷன் நம்மை ஆழம் பார்க்கிறார், ஒருநாள் கமிட்டியில் போட்டு உடைப்பார், வேலையும் போய் மானமும் போகும் என்று பயந்து பயந்து, போதகர் சீட்டுகளைக் கிழித்துப் போட்டார். இன்று காலை பெட்டியைத் திறந்தபோதும் ஒன்று கிடந்தது. பிரிக்கவே தைரியமில்லாமல் அங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"பேசாம கல்லறையில ரெண்டு வசனம் வாசிச்சு முடிச்சிடுங்க," என்றார் செயலாளர்.

"அவன் அம்மா நம்ம சபைக்காரங்க. கேட்டுட்டாங்க, முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப அவனைப் பத்தி என்னத்தைப் பேசுவீங்க? மண்டை ஓடு போட்ட பனியனைப் பத்தியா?"

செத்துப்போனவன் ராக் பாடகன். ஆலயத்துக்கு எதிர்வீட்டு மாடி. தெருவே அவனை 'இடி' என்றுதான் கூப்பிடும். கிடாரை எடுத்தானென்றால் ஆலய ஜன்னல் கண்ணாடி அதிரும். போதகரே இரண்டு தடவை படியேறிப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். முந்தாநாள் மேடையில் பாடிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டான்.

அடக்கத்துக்கு இன்னும் அரை மணி நேரம். போதகர் மாடியேறினார். அவன் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, என் பிள்ளை விசுவாசத்தோட போனானா இல்லையா? அது தெரியாம என்னால அவனை மண்ணுல விட முடியாது. ஆனா எனக்காகப் பொய் மட்டும் சொல்லிடாதீங்க."

"அவன் அறையைக் கொஞ்சம் பார்க்கலாமாம்மா?"

ஒரு வேதாகமம், ஒரு சின்னச் சிலுவை, ஏதாவது கண்ணில் பட்டால் போதும், அதை வைத்துப் பத்து நிமிடம் ஓட்டிவிடலாம். ஒன்றும் இல்லை. அறுந்த கிடார் கம்பிகள், நிரம்பி வழியும் சாம்பல் கிண்ணம், ஆளுயர ஸ்பீக்கர்.

"உங்க மைக் சத்தம் நேரா இந்த ஜன்னலுக்குத்தான் வரும்," என்றார் அம்மா. "நீங்க ஜெபம் ஆரம்பிச்சா கிடாரைக் கீழே வெச்சிடுவான்."

"நான் வந்து சத்தம் போட்டதால இருக்கும்."

"அதுக்கெல்லாம் அடங்குற பிள்ளையா அவன்? உட்கார்ந்து கேட்பான்யா. 'அம்மா, ஐயாவுக்கு வாய்தான் ஓடுது, மனசு வரலை. நானும் மேடையில அப்படி நின்னிருக்கேன், எனக்குத் தெரியும்'பான். பெரியவங்களைப் பத்தி அப்படிப் பேசாதேடான்னு திட்டுவேன்."

போதகர் பார்வையைத் திருப்பினார். ஸ்பீக்கரில் ஒரு பாட்டுப் பட்டியல் ஒட்டியிருந்தது. கொட்டை கொட்டையாகப் பச்சை எழுத்து. ஒவ்வொரு வரியும் மேல்நோக்கிச் சாயும் அந்தக் கிறுக்கலை அவர் மூன்று மாதமாகக் கிழித்துப் போட்டிருக்கிறார்.

ஆலயம் நிரம்பியிருந்தது. செயலாளர் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போதகர் மைக் முன்னால் நின்று, அங்கிப் பையிலிருந்த சீட்டை எடுத்துப் பிரித்தார். படிக்கும்போதே அவர் கண் நிறைந்தது.

"அம்மா, உங்க பிள்ளைக்கு விசுவாசம் இருந்ததான்னு கேட்டீங்க. எனக்கு இல்லைங்கிறதைக் கண்டுபிடிச்ச ஒரே ஆள் அவர்தான். அவர் கடைசியா எழுதிப் போட்ட சீட்டை வாசிக்கிறேன்."

மைக்கை நெருங்கி வாசித்தார்.

"'வாராவாரம் எழுதிப் போடுறேன், நீங்க வாசிக்கிறதே இல்லை. பரவாயில்லைங்கய்யா. உங்களுக்கு விசுவாசம் திரும்பி வர்ற வரைக்கும், தினமும் உங்களுக்குப் பதிலா நான் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்.'"