மூன்று விரல்

பீப்பாய்க்குள் விட்ட குச்சியை வெளியே எடுத்துப் பார்த்தான். மூன்று விரல் இறங்கியிருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி விட்டான். மூன்று விரல்தான்.

எரிச்சலாக வந்தது. போன மாதம் இரண்டு. இந்த மாதம் இன்னும் ஒன்று.

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் நாலு ஆப்பிள் மரத்துப் பழத்தையும் பிழிந்து, புளிக்கவைத்து, ஓக் பீப்பாயில் ஊற்றி மூடிய சைடர். ஜனவரியில் மகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். கொடைக்கானல் குளிரில் விருந்துக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு வாய் கொடுக்க வேண்டும் என்று அவள்தான் ஆசைப்பட்டாள்.

கேட்ட கையோடு இன்னொன்றும் சொன்னாள்.

"ஆனா நீங்க ஒரு சொட்டு தொட்டாலும், கோயிலுக்குள்ள என் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றது மாமாதான்ப்பா."

ஏழு வருஷமாகத் தொடவில்லை. இதையும் தொடவில்லை. ருசி பார்ப்பதுகூட மனைவிதான். மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒரு கரண்டி. அவள் முகம் சுளிப்பதை வைத்து இவன் பக்குவம் பார்க்க வேண்டும். வாயைக் கட்டிவிட்டுக் குழம்பு வைக்கச் சொன்ன கதை.

குடித்தது பீப்பாய்.

ஓக் மரம் அப்படித்தான். கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், கொஞ்சத்தைக் காற்றுக்கு விடும். பீப்பாய் விற்றவன் படித்துப் படித்துச் சொன்னான். குறையக் குறைய அதே சைடரை ஊற்றி நிரப்ப வேண்டுமாம். இல்லையென்றால் காற்றுப் பட்டு மொத்தமும் காடியாகிவிடுமாம். அதற்கென்று நாலு பாட்டில் தனியாக எடுத்து வைக்கச் சொன்னான்.

பாட்டிலா! இந்த வீட்டிலா!

இங்கே ஏழு வருஷமாக வினிகர்கூட டப்பாவில்தான் இருக்கிறது. கடைசிச் சொட்டு வரை பீப்பாயிலேயே ஊற்றிவிட்டான்.

போன மாதம் இரண்டு விரல் இறங்கியதைப் பார்த்து மனைவி ஒன்றும் கேட்கவில்லை. குச்சியில் கத்தியால் ஒரு கோடு கீறினாள். பிறகு, சட்டையில் நூல் ஒட்டியிருக்கிறது என்று கிட்டே வந்தாள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

சட்டையில் நூல் எதுவும் இல்லை.

கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பான்.

சமையலறையில் குக்கர் அடங்கியது. இன்று முதல் சனிக்கிழமை. மூன்று விரலைப் பார்த்தால் ஜெனிட்டாவுக்குப் போன் போகும்.

ஆற வைத்த வெந்நீர் ஒரு சொம்பு இருந்தது.

மெதுவாகச் சரித்தான். கோட்டைத் தொட்டதும் நிறுத்தினான். தக்கையை அடித்து மூடினான்.

அவள் வந்தாள். தக்கையைப் பிடுங்கிக் குச்சியை விட்டு எடுத்தாள். கோடு இருந்த இடத்தில்தான் ஈரம் நின்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

எண்ணெய்க் கரண்டியை உள்ளே விட்டு மேலாக மொண்டாள். நாக்கில் வைத்துக்கொண்டு நின்றாள்.

முகம் சுளிக்கவில்லை.

"தண்ணி" என்றாள்.

அந்தக் காலத்தில் பாட்டிலில் அவள் பேனாவால் கோடு போட்டு வைப்பாள். அவன் குடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரைக் கோடு வரை நிரப்பி வைப்பான். நிறம் வெளுத்திருப்பதை வைத்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

வாயைத் திறந்தான். மரம் குடித்தது, நான் குடிக்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

நான் குடிக்கவில்லை. இதே வீட்டில், இவளிடமே எத்தனை முறை சொல்லியிருக்கிறான். ஒரு முறைகூட அது உண்மையாக இருந்ததில்லை.

அவள் கிட்டே வந்தாள். இந்த முறை நூல் என்று சொல்லவில்லை.

"ஊதுங்க."

ஊதினான்.

இருவருக்கும் நடுவில் சைடர் வாசம் அடித்தது. அவள் குடித்த அந்த ஒரு கரண்டிதான்.

அவள் போனைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.