ஐந்துக்கு ஆறு

போனில் தங்கை முனகிக்கொண்டிருந்தாள். அக்காவின் கையிலிருந்த கத்தி பாதி வெங்காயத்தில் நின்றுவிட்டது.

சுருதி இறங்கியிருந்தது.

"இங்க ஒரே பனிக்கா. வெளிய தலை காட்ட முடியல. கிச்சன்ல நின்னுதான் பேசிட்டிருக்கேன்" என்றாள் தங்கை. சொல்லிவிட்டு மறுபடி முனகினாள். அடுத்த கேள்வி வில்லங்கமாக வரும் என்று தெரிந்தால் அவள் அப்படித்தான். வாயைத் திறக்காமல் நீளமாக ஒரு ம்ம்ம்.

இந்த வீட்டில் சுருதிப் பெட்டி கிடையாது. அக்கா தெருப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள்தான், ஆனாலும் கிடையாது. சமையலறை ஃப்ரிட்ஜ் போடும் ரீங்காரம்தான் சரிகமவின் ச. பிறந்த வீட்டுப் பழக்கம் அது. வேலை செய்துகொண்டே அதில் குரலைச் சாய்த்துப் பாடி வளர்ந்தவர்கள் இரண்டு பேரும்.

கீபோர்டில் தேடினால் அந்த ச கிடைக்காது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ ஒளிந்திருக்கும். அக்காவின் கணவர் இதைச் சொல்லியே கிண்டல் செய்வார், ஊரில் எல்லோருக்கும் குரு மனுஷன், உங்களுக்கு மட்டும் ஃப்ரிட்ஜா என்று.

தங்கை கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய் முதன்முதலாகப் பேசியபோது முனகல் மேலே ஏறியிருந்தது. தொண்டைக்கு என்னடி ஆச்சு என்று அக்கா பதறிப்போனாள்.

கரண்ட் வேலை பார்க்கும் கணவர்தான் விஷயத்தை உடைத்தார். இங்கே மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது, அங்கே அறுபது முறை. ஃப்ரிட்ஜின் ரீங்காரமும் அந்தக் கணக்கில்தான் வரும்.

அக்கா விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

ஐம்பதுக்கு அறுபது. ஐந்துக்கு ஆறு. ச ஐந்து முறை அதிரும் நேரத்தில் ஆறு முறை அதிர்கிற சுரம் ஒன்று உண்டு. அதுதான் க. க-வில் பெரியதும் உண்டு, சின்னதும் உண்டு, இது சின்னது. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எவனோ ஒரு இன்ஜினியர் இங்கே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டான். எவனோ ஒருவன் அங்கே உட்கார்ந்து வேறு கணக்குப் போட்டான். இரண்டு பேரும் பாட்டை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் இந்தக் கரையின் வீடுகளெல்லாம் சேர்ந்து ச பிடிக்க, அந்தக் கரையின் வீடுகளெல்லாம் சேர்ந்து க பிடிக்கின்றன. ராப்பகலாக, யார் காதிலும் விழாமல். நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும்.

அன்றிலிருந்து தங்கை அவளுக்கு க. போனில் பேச்சு தீர்ந்துபோனால் அக்கா இங்கே ச பிடிப்பாள், தங்கை அங்கே க-வில் வந்து சேர்ந்துகொள்வாள். கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆனால் க-வில் நிற்கலாமே தவிர, பாட்டை அங்கே முடிக்க முடியாது. எங்கே சுற்றினாலும் ச பிடித்து இழுக்கும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. பாதியில் நிறுத்தினால் தானாகவே நெளிவார்கள்.

தங்கை அங்கே நன்றாக இல்லை என்று அக்காவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. கிளம்பி வாடி என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். அன்று நடந்த சண்டையை மறக்க முடியாது. எல்லோரையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டு போனவள். தோற்றுப்போய் உங்கள் முன்னால் வந்து நிற்பேன் என்று மட்டும் நினைக்காதே என்று கத்திவிட்டுப் போனை வைத்தவள்.

இன்று அவள் க-வில் இல்லை.

அக்கா எழுந்து ஃப்ரிட்ஜ் அருகே போனாள். ஒரு காதில் போன், மறு காதை ஃப்ரிட்ஜின் கதவோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு சுருதிக்கும் இம்மி வித்தியாசம் இருந்தாலும் நடுவே ஓர் அலை எழும்பி அடங்கும்.

அலையே இல்லை.

வீட்டு ஏக்கத்தில் பழைய ச-வைப் பாடுகிறாளோ? இருக்காது. நினைவிலிருந்து எடுத்த சுருதி கொஞ்சமாவது வழுக்கும். அதுவும் பக்கத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் வேறு சுருதியில் இழுத்துக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இதுவோ ஆணி அடித்தாற்போல் நின்றது.

ஐம்பது முறை துடிக்கும் நாடுகள் உலகத்தில் எத்தனையோ உண்டுதான். ஆனால் அவளுக்குப் போக வேறு எந்த வீடு இருக்கிறது?

சந்தோஷமா பயமா என்று அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை பெரிய கடல், இத்தனை பெரிய வீம்பு, எல்லாவற்றையும் தாண்டி ஒரு ச அவளை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை.

பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். சொன்னால் அவள் வந்த வழியே திரும்பிவிடுவாள். அக்காவுக்கு அவளைத் தெரியாதா?

"பனில ரொம்ப நேரம் நிக்காதடி" என்றாள் அக்கா. "வீட்டுக்கு வா."

முனகல் நின்றது.

"தெருமுனை கூல்டிரிங்க்ஸ் கடைலதான்க்கா இருக்கேன். காலைலேருந்து. இந்த ஃப்ரிட்ஜை விட்டு நகர முடியல."

கடையை விட்டு நாலடி வைத்தால் அந்த ரீங்காரம் காதை விட்டுப் போய்விடும். அக்கா போனை வாயருகே பிடித்து, ச-வை எடுத்து, விடாமல் பாடிக்கொண்டே படி இறங்கினாள்.